வைரஸ் புரதம் கொழுப்புச் சவ்வில் எப்படிப் பிடித்து நிற்கிறது?

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: "புரதம் தண்ணீரில் இருக்கும் பொருள். வைரஸின் மேலுறையோ கொழுப்பு. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்றால், வைரஸின் முட்புரதங்கள் அந்த உறையிலிருந்து கழன்று விழாமல் எப்படி நிற்கின்றன? அந்தப் பிடியை மருந்தால் விடுவிக்க முடியுமா?"

பாடப்புத்தகப் படங்களில் வைரஸ் ஒரு பந்து போல இருக்கும், அதன்மேல் குண்டூசிகள் குத்தியிருக்கும். குண்டூசியின் தலையை மட்டும் வண்ணம் போட்டு விவரமாக வரைவார்கள். பந்துக்குள் இறங்கியிருக்கும் முனையை யாரும் வரைவதில்லை. நான் பினாங்குத் தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சவ்வுப் புரதங்களோடு சில வருடங்கள் மல்லுக்கட்டியவன், இப்போது உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். வரையப்படாத அந்த முனையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல நாள் நினைத்ததுண்டு. அதை வெறும் ஆணி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் புரதத்தின் வேலையில் பெரும் பங்கு அந்த முனையுடையது.

முதலில் சவ்வைப் பார்த்துவிடுவோம். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வாலோடு வால் சேர்த்து அடுக்கியிருக்கும். தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்திருக்கும். வால்கள் சேர்ந்த நடுப்பகுதி சுத்தமான எண்ணெய், சுமார் 3 நானோமீட்டர் தடிமன். இன்ஃபுளுவென்சா, நிப்பா, டிங்கி, கொரோனா எல்லாமே இந்தச் சவ்வை நம் செல்லிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. வெளியேறும்போது போர்வை போலப் போர்த்திக்கொண்டு போகின்றன. சில செல்லின் வெளிச்சவ்வை எடுக்கும், டிங்கியும் கொரோனாவும் செல்லுக்குள் இருக்கும் சவ்வை எடுக்கும். ஆக, போர்வை நம்முடையது, அதில் குத்தியிருக்கும் புரதம் மட்டும் வைரஸுடையது.

"புரதம் தண்ணீரில் இருக்கும் பொருள்" என்பதில்தான் சின்னத் திருத்தம் வேண்டும். புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் லியூசின், ஐசோலியூசின், வாலின், ஃபினைலலனின் போன்றவை எண்ணெய்க் குணம் உள்ளவை. இவை தொடர்ச்சியாக வந்தால் அந்தத் துண்டு தண்ணீரை விட்டு ஓடி எண்ணெய்க்குள் போக விரும்பும். ஆனால் இது மட்டும் போதாது. புரோலின் ஒன்றைத் தவிர, எந்த அமினோ அமிலமாக இருந்தாலும் அதன் முதுகுச் சங்கிலியில் ஒரு நைட்ரஜன்-ஹைட்ரஜன் ஜோடியும் ஒரு கார்பன்-ஆக்சிஜன் ஜோடியும் இருக்கின்றன. இரண்டும் தண்ணீரோடு கைகோத்துப் பழகியவை. அவற்றைத் தனியாக எண்ணெய்க்குள் தள்ளினால் பிடிக்க ஆளில்லாமல் தவிக்கும், அதற்கு அதிக ஆற்றல் செலவாகும். இங்கேதான் வடிவம் உதவிக்கு வருகிறது. சங்கிலி ஆல்ஃபா சுருளாகச் சுருண்டால், ஒவ்வொரு ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளியிருக்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். நீர் தேடும் பாகமெல்லாம் சுருளுக்குள் அடங்கிவிடும், வெளியே எண்ணெய்க் கிளைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்க்குள் நிம்மதியாக நிற்கக்கூடிய தூண் ரெடி.

அந்தத் தூணின் நீளத்தையும் நீங்களே கணக்குப் போடலாம். ஆல்ஃபா சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் உயரம். சவ்வின் எண்ணெய்ப் பகுதி 3 நானோமீட்டர். வகுத்தால் 20. எந்த வைரஸ் புரதத்தின் வரிசையைக் கையில் கொடுத்தாலும், 20 அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் அமினோ அமிலங்கள் தொடர்ந்து வரும் இடத்தைத் தேடினால் நங்கூரம் எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரு ஓரங்களிலும் டிரிப்டோபான், டைரோசின் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். அவை கொழுப்புத் தலைகளும் வால்களும் சந்திக்கும் எல்லையில் உட்கார விரும்புபவை, தூண் மேலும் கீழும் நழுவாமல் அங்கே பிடித்துக்கொள்ளும்.

ஜார்ஜ்டவுனில் சூ ஜெட்டிக்குப் போயிருப்பீர்கள். கடலுக்குள் தூண் இறக்கி அதன்மேல் கட்டிய வீடுகள். போட்டோ எடுப்பவர்கள் வீட்டைத்தான் எடுப்பார்கள். தண்ணீருக்கும் சேற்றுக்கும் உள்ளே இருக்கும் தூணை யாரும் எடுப்பதில்லை. ஆராய்ச்சியிலும் அதே கதைதான் நடந்தது. இன்ஃபுளுவென்சாவின் முட்புரதமான ஹீமாக்ளூட்டினினின் முப்பரிமாண வடிவத்தை 1981-இல் ஐயன் வில்சன், ஜான் ஸ்கெஹல், டான் வைலி மூவரும் வெளியிட்டார்கள். வடிவத்தைப் பார்க்க அன்று புரதத்தைப் படிகமாக்க வேண்டியிருந்தது, நங்கூரத்தோடு இருக்கும் புரதமோ படிகமாக வரவே வராது. அதனால் புரோமிலைன் என்ற நொதியை வைத்து, வைரஸின் தோலுக்குச் சற்று மேலே புரதத்தைக் கத்தரித்து எடுத்தார்கள். புரோமிலைன் அன்னாசிச் செடியின் தண்டில் இருப்பது. அன்னாசி அதிகம் சாப்பிட்டால் நாக்கு அரிக்கிறதே, அதற்கு இந்த நொதிக்கும் பங்குண்டு. அப்படிக் கிடைத்த வடிவம் அற்புதமானது, ஆனால் தூணில்லாத வீடு. தூணையும் சேர்த்துப் பார்க்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த ஆய்விலும் ஸ்கெஹல் பெயர் இருந்தது. குளிரூட்டிய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, புரதத்தின் உடலுக்கும் தூணுக்கும் நடுவே வளையக்கூடிய ஒரு கழுத்து இருப்பது தெரிந்தது. புரதம் சவ்வின்மேல் நேராகவும் நிற்கும், சாய்ந்தும் நிற்கும். குண்டூசி அப்படி அசையுமா?

ஏன் படிகமாகாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சவ்விலிருந்து புரதத்தைப் பிரிக்க டிடர்ஜென்ட் போடுவோம். அது தூணைச் சுற்றிச் சட்டை போல ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை அவசரப்பட்டு அந்த டிடர்ஜென்டை வேகமாக அகற்றிவிட்டேன். மறுநாள் காலையில் குழாயின் அடியில் வெள்ளைக் கசடு, மூன்று வார உழைப்பு. சட்டை போனதும் எண்ணெய்த் தூண்கள் தண்ணீரில் நிற்கப் பிடிக்காமல் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துத் திரண்டுவிட்டன.

சரி, தூண் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? 1986-இல் குன்னர் வான் ஹைனே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி ஓர் எளிய ஒழுங்கைக் கவனித்தார். தூணின் இரு முனைகளில் எதன் பக்கத்தில் லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின் அமினோ அமிலங்கள் அதிகமோ, அந்த முனை செல்லின் உட்புறத்தில் தங்கும். இந்த விதியை வைரஸ்களும் மதிக்கின்றன. நம் நாட்டில் பிறந்த பெயரைச் சுமக்கும் நிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998, 1999-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பரவி 105 பேர் உயிரிழந்த நோய். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா கா பிங் 1999 மார்ச்சில் அது புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. அந்த வைரஸின் உறையில் இரண்டு புரதங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நம் செல்லைத் தொட்டுப் பிடிக்கும் ஜி புரதத்தின் தொடக்க முனை உள்ளே, கடைசி முனை வெளியே. சவ்வுகளை இணைக்கும் எஃப் புரதத்துக்கு நேர் எதிர், கடைசி முனைதான் உள்ளே. ஒரே தரையில் ஒன்று தலைகீழாக நடப்பட்ட மாதிரி. ஆனால் அதற்கு அதுவே சரியான திசை.

ஜி புரதம் நம் செல்லைப் பிடித்ததும் எஃப் புரதத்தைத் தட்டி எழுப்ப வேண்டும், இரண்டும் ஒரே சவ்வில் நங்கூரமிட்டுப் பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும். நங்கூரத்தை நீக்கினால் ஜி புரதம் தண்ணீரில் மிதக்கும் வெறும் தலை, யாருக்கும் தீங்கு செய்யாது. நிப்பாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸுக்கு எதிராக 2012-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்கு வந்த தடுப்பூசி, நங்கூரம் நீக்கிய ஜி புரதம்தான்.

இப்போது என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். இன்ஃபுளுவென்சா நம் செல்லுக்குள் நுழையும்போது ஹீமாக்ளூட்டினின் ஒரு முனையைச் செல்லின் சவ்வில் செருகும், மறுமுனை வைரஸின் சவ்வில் நங்கூரமாக இருக்கும், பிறகு இரண்டாக மடங்கி இரு சவ்வுகளையும் ஒன்றோடொன்று அழுத்தும். நங்கூரம் வெறும் ஆணி என்றால், வேறு எந்த ஆணி போட்டாலும் வேலை நடக்க வேண்டுமே? 1994-இல் ஜூடித் வைட்டின் குழு அதைச் சோதித்தது. சவ்வை முழுக்கத் துளைக்கும் தூணை எடுத்துவிட்டு, வெளி அடுக்கில் மட்டும் பிடிக்கும் ஒரு கொழுப்பு நங்கூரத்தைப் பொருத்தினார்கள். புரதம் விழவில்லை, மடங்கவும் செய்தது. இரு சவ்வுகளின் வெளி அடுக்குகளும் கலந்தன. ஆனால் அதோடு நின்றுவிட்டது, உள் அடுக்குகள் கலக்கவில்லை, வாசல் திறக்கவில்லை. முழுத் தடிமனையும் துளைத்து நிற்கும் தூண் உள் அடுக்கையும் சேர்த்துக் கலக்கினால்தான் வைரஸின் மரபுப்பொருள் உள்ளே போக முடியும். இந்த ஒரு பரிசோதனையைப் படித்த பிறகு எனக்கு நங்கூரத்தை ஆணி என்று சொல்ல வாய் வரவில்லை.

கொரோனாவின் ஸ்பைக் புரதத்திலும் அந்த முனை சும்மா இல்லை. தலைக்கும் தூணுக்கும் இடையிலிருக்கும் தண்டில் மூன்று கீல்கள் இருப்பதை 2020-இல் கண்டார்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்றே பெயரும் வைத்தார்கள். தூண் சவ்வில் உறுதியாக நிற்க, தலை நாலாபக்கமும் வளைந்து, நம் செல்லில் தான் பிடிக்க வேண்டிய புரதமான ஏற்பியைத் துழாவும். நம்மில் பலரும் போட்டுக்கொண்ட ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இந்த நங்கூரத்தை நீக்காமல் முழு ஸ்பைக்குக்கும்தான் செய்முறைக் குறிப்பு எழுதியிருந்தார்கள். நம் செல்லின் சவ்விலேயே அது மூன்று மூன்றாகச் சேர்ந்து நின்று, எதிர்ப்புச் சக்திக்கு முகம் காட்டும். ஆய்வுக்கூடத்தில் நங்கூரத்தை வெட்டிய ஸ்பைக் செய்பவர்கள், மூன்றும் பிரிந்துவிடாமல் இருக்க டி4 என்ற பாக்டீரியா வைரஸின் ஒரு சிறு துண்டைக் கவ்வி போல அடியில் பொருத்துவார்கள்.

டிங்கியின் கதை வேறு மாதிரி. அதன் ஈ புரதங்கள் முட்கள் போல நிற்பதில்லை. 180 புரதங்கள், இரண்டிரண்டாக, ஓடு வேய்ந்த மாதிரி சவ்வின்மேல் படுத்துக்கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் சவ்வுக்குள் போய்த் திரும்பி வரும் இரண்டு தூண்கள், கொண்டையூசி மாதிரி. தூணுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள தண்டுப் பகுதியின் சுருள்கள் சவ்வைத் துளைக்காமல் அதன் மேல்பரப்பில் பாதி மூழ்கிக் கிடக்கும். செல்லுக்குள் அமிலத்தன்மை கூடியதும் ஈ புரதங்கள் எழுந்து மூன்று மூன்றாகச் சேர்கின்றன. நுனியில் இருக்கும் சிறிய வளையம் நம் சவ்வுக்குள் சுமார் 0.6 நானோமீட்டர் மட்டுமே இறங்கும். ஆழமே இல்லை. ஆனால் மூன்று நுனிகள் சேர்ந்து, அப்படிப் பல கூட்டங்கள் பக்கத்தில் நின்று இழுக்கும்போது அந்த மேலோட்டமான பிடியே போதுமாகிவிடுகிறது.

பாதி மூழ்கிக் கிடக்கும் சுருள் என்றேனே, அதுவும் தனி வகைப் பிடி. ஆற்றில் தென்னை மரக்கட்டை மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், கீழ்ப்பாதி நனைந்து மேல்பாதி காய்ந்து. ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். மூன்று, நான்கு இடத்துக்கு ஒருமுறை எண்ணெய் அமினோ அமிலத்தை வைத்தால், சுருளின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய், மறுபக்கம் முழுக்க நீர்விரும்பியாக அமையும். இதை இருமுகச் சுருள் என்று சொல்லலாம். ஹெபடைடிஸ் சி வைரஸின் என்.எஸ்.5ஏ புரதம் தொடக்கத்தில் இருக்கும் இப்படியொரு சுருளால்தான் செல்லின் உட்சவ்வில் படுத்துக்கொள்கிறது. அந்தச் சுருளைச் சிதைத்தால் வைரஸ் பெருகுவதில்லை.

இன்னொரு வகை பினாங்குக்காரர்களுக்கு நெருக்கமானது. பாலிக் பூலாவ் பக்கம் போனால் ஜாதிக்காய்த் தோட்டம் இருக்கும். பழத்தின் சதையில் ஜூஸும் ஊறுகாயும் போடுவார்கள். கொழுப்பு இருப்பது கொட்டையில். அந்தக் கொழுப்பிலிருந்து 1841-இல் லயன் பிளேஃபேர் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்த 14 கார்பன் அமிலத்துக்கு, ஜாதிக்காயின் தாவரப் பெயரை ஒட்டி மிரிஸ்டிக் அமிலம் என்று பெயர் வந்தது. அதைவிட இரண்டு கார்பன் நீளமானது பால்மிட்டிக் அமிலம், பனையை வைத்து வந்த பெயர். நம் செம்பனை எண்ணெயில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். வைரஸ் புரதங்கள் தங்களைச் சவ்வில் கட்டிப்போட இந்த இரண்டு கொழுப்புகளையும் கயிறு போலப் பயன்படுத்துகின்றன. நம் உடலும் இந்த அமிலங்களைத் தானே செய்துகொள்ளும், அதனால் ஜாதிக்காய் ஜூஸைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மிரிஸ்டிக் அமிலம் புரதத்தின் தொடக்கத்தில் இருக்கும் கிளைசினோடு சேரும், சேர்ந்தால் நிரந்தரம். பால்மிட்டிக் சிஸ்டீனோடு சேரும், பிறகு அவிழ்க்கவும் முடியும். இரண்டையும் கட்டிவிடுவது நம் செல்லின் நொதிகள். ஹீமாக்ளூட்டினினின் அடிமுனையில் மூன்று சிஸ்டீன்களிலும், கொரோனா ஸ்பைக்கின் வாலில் பத்து சிஸ்டீன்களிலும் இப்படிக் கொழுப்புக் கயிறுகள் உண்டு. தூண் இருக்கும்போதே கூடுதலாகக் கயிறும் கட்டியிருக்கிறது.

தூணே இல்லாமல் கயிறை நம்பியிருப்பது எச்.ஐ.வி.யின் கேக் (Gag) புரதம். அதை எனக்கு மிகவும் பிடிக்கும். சவ்வின் உட்புறத்தில் வந்து ஒட்டி, வைரஸின் உருவத்தையே கட்டி எழுப்பும் புரதம் அது. ஒரே ஒரு மிரிஸ்டிக் கயிறு புரதத்தைச் சவ்வில் நிலையாகப் பிடிக்கப் போதாது, கொஞ்ச நேரத்தில் நழுவிவிடும். அதனால் இரண்டாவது பிடி: புரதத்தின் அடியில் லைசினும் ஆர்ஜினினும் கூடிய ஒரு நேர்மின் திட்டு. செல்லின் வெளிச்சவ்வின் உட்பக்கத்தில் எதிர்மின் தலை கொண்ட கொழுப்புகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் பிப்-2 என்போம். அதைக் கண்டதும் திட்டு ஒட்டிக்கொள்ளும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேக் தனியாகச் சுற்றும்போது மிரிஸ்டிக் வால் புரதத்தின் ஒரு பள்ளத்துக்குள் மடங்கி ஒளிந்திருக்கும். பிப்-2-வைத் தொட்டதும், மூன்று மூன்றாகச் சேர்ந்ததும்தான் வால் வெளியே வந்து சவ்வுக்குள் இறங்கும். தவறான சவ்வில் ஒட்டாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. அப்புறம் எண்ணிக்கை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் தேரைத் தனி ஆள் இழுக்க முடியாது, ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். சில ஆயிரம் கேக் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்போது, ஒருவருடைய பிடி நழுவினாலும் பக்கத்திலிருப்பவர் விடுவதில்லை. அந்தத் தொடக்கக் கிளைசினை அலனினாக மாற்றினால் மிரிஸ்டிக் சேராது, கேக் சவ்வில் ஒட்டாது, வைரஸும் உருவாகாது. ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான்.

கொழுப்பு உறையே இல்லாத வைரஸ்களும் இந்தக் கயிறை வைத்திருக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நம் பாலர் பள்ளிகளில் அடிக்கடி வரும் கை, கால், வாய்ப் புண் நோயை உண்டாக்கும் என்டரோவைரஸ்கள் அந்த வகை. அவற்றின் வி.பி.4 என்ற சிறிய புரதம், மிரிஸ்டிக் வாலோடு ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும். செல்லைப் பிடித்ததும் வெளியே வந்து சவ்வில் இறங்கித் துளை போடும். உறை இல்லாததால் ஆல்கஹால் கைத்தூய்மி இந்த வைரஸ்களிடம் அவ்வளவாக எடுபடாது. கொரோனா மாதிரி உறை உள்ளவற்றில் ஆல்கஹாலும் சோப்பும் கொழுப்பைக் கலைத்துவிடும், தரை போனதும் தூண்களும் சிதறும். கை, கால், வாய்ப் புண் நோய் பரவும்போது பிள்ளைகளின் கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஜெல் மட்டும் தடவிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக மருந்து. தூண் ஒருமுறை சவ்வில் இறங்கிவிட்டால் அதைப் பிடுங்குவது கடினம், அது எண்ணெய்க்குள் இருப்பதையே விரும்புகிறது. கயிறு கட்டும் கட்டத்தில் தடுப்பது சாத்தியம். மிரிஸ்டிக் கட்டும் நம் நொதியை முடக்கும் ஒரு மூலக்கூறு, சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் உருவாவதைச் செல்களில் நிறுத்தியதை 2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அந்த நொதி நம் செல்லுக்கும் தேவை, எனவே அளவு பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

வைரஸின் கயிறையே எடுத்து அதற்கு எதிராகப் போட்ட வழியும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் பெரிய மேற்பரப்புப் புரதத்தின் தொடக்கத்தில் ஒரு மிரிஸ்டிக் வால் உண்டு. அதோடு சேர்ந்த துண்டுதான் நம் கல்லீரல் செல்லின் ஏற்பியைப் பிடிக்கிறது. ஹெபடைடிஸ் டி வைரஸும் அதே புரதத்தைக் கடன் வாங்கித்தான் உள்ளே வருகிறது. அந்தத் துண்டின் 47 அமினோ அமிலங்களை, மிரிஸ்டிக் வாலோடு செயற்கையாகச் செய்து ஊசியாகக் கொடுத்தால், அது முந்திக்கொண்டு ஏற்பியில் உட்கார்ந்துவிடும், வைரஸ் வரும்போது இடம் இருக்காது. புலிவர்டைட் என்ற அந்த மருந்துக்கு 2020-இல் ஐரோப்பாவில் ஹெபடைடிஸ் டி நோய்க்காக அனுமதி கிடைத்தது. வால் இல்லாமல் அதே 47-ஐச் செய்து பார்த்தால் அதன் வலிமை பெருமளவு குறைந்துவிடுகிறது.